ஓட்டைக் கணக்கு ஏட்டில் இல்லை

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1942 முதல், ஜப்பானோடு போரில் இருந்த அமெரிக்கா தன் மண்ணில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலிக்குள் அடைத்தது. ஏறத்தாழ 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே பிறந்த குடிமக்கள். அந்தக் காலத்தைச் சரியாகச் சொல்வது அரசாங்க ஏடா, குடும்பத்தார் நினைவா? இதுதான் தலைப்பு. நாங்கள் குடும்பத்தார் பக்கம்.

எதிரணித் தலைவர் பேசி அமரும்போது ஒன்று சொன்னார், அரங்கமே கை தட்டியது. "முகாமில் அறை இருந்தது, அடுப்பு இருந்தது, விளக்கு இருந்தது, மூன்று வேளைச் சாப்பாடு இருந்தது. எல்லாம் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அங்கே இருந்த பாட்டிகளைக் கேட்டால் காற்றில் வந்த மண்ணைத் தவிர வேறு பேச்சில்லை. வருஷம் ஏற ஏற அந்த மண்ணும் ஏறிக்கொண்டே போகிறது" என்றார். அய்யா, நான் பேச வேறு வைத்திருந்தேன். அதை ஓரமாக வைக்கிறேன். இந்த மண்ணுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

மான்சனார் முகாமை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. 1913-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கால்வாய் வெட்டி அந்தப் பள்ளத்தாக்குத் தண்ணீரைத் தன் பக்கம் கொண்டுபோனது. பழத்தோட்டம் போட்டவர்கள் கைவிட்டுப் போனார்கள். 1942-இல் இராணுவம் வந்து, இருந்த புதரையும் இயந்திரத்தால் வழித்துத் தள்ளிவிட்டு, 36 பிளாக்குகளாக முகாம் கட்டியது. வேர் போன பிறகு மண்ணைப் பிடித்து வைக்க அங்கே என்ன மிச்சம்? மலையிலிருந்து இறங்கும் காற்று அத்தனையையும் வாரிக்கொண்டு வந்தது.

கொட்டகை 20 அடி அகலம், 100 அடி நீளம். உள்ளே நான்கு அறை. ஓர் அறை 20-க்கு 25 அடி, அதில் எட்டுப் பேர். குடும்பம் சிறியதென்றால் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துப் போடுவார்கள். எண்ணெய் அடுப்பு ஒன்று, தொங்கும் பல்பு ஒன்று, இராணுவக் கட்டில், போர்வை, வைக்கோல் அடைத்த மெத்தை. எதிரணித் தலைவர் சொன்னது இதுவரைக்கும் சரி. ஏடு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. பாட்டி இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்.

பலகை முழுக்க பைன் மரம். பத்தாயிரம் பேருக்கு அவசர அவசரமாகக் கட்டியதால், அறுத்த மரத்தை உலர விடாமல் ஈரத்தோடே ஆணி அடித்தார்கள். பாலைவன வெயில் பட்டதும் பலகை சுருங்கிப் பலகைக்குப் பலகை இடுக்கு விழுந்தது. கணு இருந்த இடத்தில் கணு கழன்று விழுந்தது. ஒரு கணு விழுந்தால் ஓர் ஓட்டை. வெளிச்சுவருக்காவது தார்க் காகிதம் போர்த்தியிருந்தார்கள். தரைக்கு அதுவும் இல்லை. கொட்டகையைக் கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தியிருந்ததால் அடியில் காற்று தாராளமாகப் புகுந்தது. மண் சன்னல் வழியாக வந்தது மட்டுமல்ல அய்யா, காலுக்கு அடியிலிருந்தும் பீறிட்டு வந்தது!

என்ன செய்தார்கள்? பொதுச் சமையலறையில் காலியான தகர டப்பாக்களின் மூடிகளைக் கேட்டு வாங்கினார்கள். தட்டித் தட்டையாக்கி, கணு ஓட்டை மேல் வைத்து, சுற்றிலும் ஆணி அடித்தார்கள். ஆணி எங்கே கிடைத்தது? கட்டுமானக் குப்பையில் பொறுக்கியது. கையால் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவரலாம் என்பது இராணுவ உத்தரவு. படுக்கை விரிப்பு, மாற்றுத்துணி, தட்டு, கிண்ணம், கரண்டி, கத்தி. இதற்கு மேல் எதைத் தூக்க முடியும்?

மூடி அடித்ததும் ஓட்டை அடைந்தது. இடுக்கு அடையவில்லை. மூடி வட்டம், இடுக்கு நீளம்! இடுக்கில் செய்தித்தாளைத் திணித்தார்கள். பலகை மேலும் சுருங்கச் சுருங்க அந்தத் தாளும் நழுவி விழுந்தது. பிற்பாடு லினோலியம் விரிப்பு வந்து தரையில் ஒட்டிய பிறகுதான் கீழிருந்து வந்த மண் அடங்கியது. அதுவரை காலையில் எழுந்தால் போர்வை, கண்ணிமை, பல்லிடுக்கு எல்லாம் மண். தலை வைத்திருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும். சமையலறைக்குப் போய் வரிசையில் நின்று சோறு வாங்கினால், தட்டை மூடிக்கொண்டு வந்து உட்கார்வதற்குள் சோற்றிலும் மண்.

இப்போது சொல்லுங்கள், எந்த ஏட்டில் இருக்கிறது இந்தத் தகர மூடி? எந்தப் பத்தியில் இருக்கிறது அந்த நழுவிய செய்தித்தாள்? அறையின் நீள அகலம் எழுதிய அதிகாரி கணு ஓட்டையை எண்ணினாரா? அந்த வீட்டுத் தாய் எண்ணினார் அய்யா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி தேட வேண்டியிருந்ததே, அவர் எண்ணாமல் வேறு யார் எண்ணுவார்கள்?

மண் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறதாம். அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 1981-இல் ஊர் ஊராகப் போய் 750-க்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. யூட்டாவின் டோபாஸ் முகாமில் இருந்தவரும் மண்ணைச் சொன்னார், ஐடஹோவின் மினிடோகாவில் இருந்தவரும் மண்ணைச் சொன்னார். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் கூடிப் பேசியா மண்ணை ஏற்றினார்கள்?

"ஏடு பொய் சொல்லாது" என்றும் சொன்னீர்கள். மேற்குக் கடற்கரைத் தளபதி ஜெனரல் டிவிட், இந்த மக்களை வெளியேற்றியது பற்றி எழுதிய அறிக்கை 1943-இல் முதலில் பத்துப் பிரதி அச்சானது. எல்லாரையும் அடைத்ததற்கு நேரம் போதாததல்ல காரணம், இந்த இனத்தாரில் விசுவாசமானவர் யார் என்று பிரித்தறியவே முடியாது என்றது அந்த அறிக்கை. ஒவ்வொருவராக விசாரிக்க நேரமில்லை என்று நீதிமன்றத்தில் அரசு வைத்த வாதத்துக்கு இது இடித்தது. வாசகத்தை மாற்றினார்கள், பிரதிகளைத் திரும்ப வாங்கினார்கள், அச்சுப்படிகளையும் வரைவுகளையும் எரித்தார்கள், எரித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று ஓர் அதிகாரி எழுதியும் வைத்தார். தப்பிய ஒரே பிரதியை 1982-இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தவர் ஐக்கோ ஹெர்சிக் யோஷினாகா. யார் அவர்? பள்ளிப் படிப்பு முடியும் முன்னே மான்சனாருக்கு அனுப்பப்பட்ட பெண். அந்த முகாமிலேயே தலைப்பிள்ளையைப் பெற்றவர். உங்கள் ஏட்டையே திருத்துவதற்கு எங்கள் வீட்டுப் பெண் வர வேண்டியிருந்தது!

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று.

விடுதலையாகி வந்த பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் வாயே திறக்கவில்லை. "கேம்ப்" என்று அப்பா சொன்னால் ஏதோ விடுமுறை முகாம் என்று எண்ணி வளர்ந்த பிள்ளைகள் உண்டு. 1981-இல் விசாரணை மேடையில் அப்பா மைக் முன்னால் உடைந்து அழுததைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. வளர்ந்து ஆளான பிறகு, ஊரே கூடியிருந்த மண்டபத்தில், தன் தாய் தகப்பனை முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள். அந்தக் கண்ணீருக்குப் பிறகுதான் 1988-இல் அரசு மன்னிப்புக் கேட்ட சட்டம் வந்தது, ஆளுக்கு 20,000 டாலர் வந்தது. 82,219 பேர் வாங்கினார்கள். சட்டம் கையெழுத்தான நாளில் உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் பணம். ஓட்டை அடைத்த தாய்மார்கள், சோற்றை மூடிக்கொண்டு வந்த தகப்பன்மார்கள் எத்தனையோ பேர் அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்கள்.

1990 அக்டோபரில் முதல் காசோலைகள் வாஷிங்டனில் மிக மூத்தவர்களுக்குத் தரப்பட்டன. ஒருவருக்கு வயது 107. சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் முன்னால் நாட்டின் அட்டர்னி ஜெனரல் மண்டியிட்டுக் கொடுத்தார். ஏட்டுக்கு முன்னால் யாரும் மண்டியிடவில்லை அய்யா, அந்த மனிதர்களுக்கு முன்னால்தான் மண்டியிட்டார். அதே மனிதர்கள் சொன்னதைத்தான் நாங்களும் சாட்சியாக வைக்கிறோம். தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள். வணக்கம்.