ருக்மிணி சொல்லி அனுப்பிய வழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ருக்மிணி கல்யாணம் என்றதும் நம் கண்ணில் முதலில் வந்து நிற்பது தேர்தான். கண்ணன் வந்தான், பெண்ணைத் தூக்கி ஏற்றினான், குதிரைகள் பறந்தன. காலண்டர் ஓவியர்களுக்கும் அந்தக் காட்சிதான் பிடிக்கும். எனக்கு என்னவோ, தேர் புறப்படுவதற்கு முன்பே இந்தக் கல்யாணத்தில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது என்று தோன்றும். அதை முடித்தவள் ருக்மிணி.

விதர்ப்ப நாட்டு அரசர் பீஷ்மகருக்கு ஐந்து ஆண் பிள்ளைகள், ஒரே பெண். அரண்மனைக்கு வந்துபோகிறவர்கள் கண்ணனைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அவனைக் கணவனாக வரித்துவிட்டாள் அந்தப் பெண். உறவினருக்கும் அதில் விருப்பம்தான். மூத்தவன் ருக்மிக்கு மட்டும் கண்ணன் என்றால் ஆகாது. தங்கை சேதி நாட்டுச் சிசுபாலனுக்குத்தான் என்று ஒரே பிடியாக நின்றான். பிள்ளைப் பாசத்தில் அப்பாவும் தலையாட்டிவிட்டார். நாளும் குறித்தாயிற்று.

அப்போதுதான் அவள் நம்பிக்கையான ஓர் அந்தணரைத் துவாரகைக்கு அனுப்புகிறாள். பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம், 52ஆம் அத்தியாயம். அவள் சொல்லி அனுப்பிய செய்தி மொத்தம் 7 சுலோகங்கள். தொடக்கம் காதல் கடிதம்தான். 'உன் குணங்களைக் கேட்டேன், என் மனம் வெட்கத்தை விட்டு உன்னிடம் வந்துவிட்டது' என்கிறாள். சிங்கத்தின் பங்கை நரி தொடலாமா என்று ரோஷமும் வருகிறது. அதற்கப்புறம் கடிதத்தின் குரலே மாறிவிடுகிறது. முதலில் யாருக்கும் தெரியாமல் வா. பிறகு படைத்தலைவர்கள் சூழ நின்று, சேதி, மகதப் படைகளைக் கலக்கி, ராட்சச முறைப்படி என்னை மணந்துகொள் என்கிறாள்.

அதோடு நிறுத்தவில்லை. 'அந்தப்புரத்தில் இருப்பவளை, உறவினரைக் கொல்லாமல் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பாய். வழி சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தைய நாள் குலதெய்வத்துக்குப் பெரிய ஊர்வலம் உண்டு. மணப்பெண் ஊருக்கு வெளியே கிரிஜையின், அதாவது பார்வதியின், கோயிலுக்கு வருவாள்.' நாள், இடம், காரணம் மூன்றும் வந்துவிட்டன. படைத்தலைவன் பேசுகிற பேச்சு இது!

ராட்சச விவாகம் என்றால் என்ன? மனு கொடுக்கும் இலக்கணத்தைப் பாருங்கள். கொன்று, வெட்டி, உடைத்து, கதறி அழும் பெண்ணை அவள் வீட்டிலிருந்து பலவந்தமாகக் கொண்டுபோவது. ருக்மிணி அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். உறவினர் சாக வேண்டாம், வீட்டை உடைக்க வேண்டாம், கதறுவதற்கும் ஆள் இல்லை. இதற்குக் 'கடத்தல்' என்று பெயர் வைத்தவர்கள் கடிதத்தைப் படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

செய்தியைக் கேட்ட கண்ணன் அந்தணரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொல்கிறான்: 'எனக்கும் அவள் நினைவாகவே இருக்கிறது. இரவில் தூக்கம் வருவதில்லை.' அன்றே தேர் பூட்டி, ஒரே இரவில் விதர்ப்பத்தை அடைந்துவிடுகிறான்.

இங்கே விதர்ப்பத்தின் தலைநகர் குண்டினபுரத்தில் அவளுக்கு அது தெரியாது. திட்டம் போட்டவளுக்கே பயம் வந்துவிடுகிறது. விடியப்போகிறது, போன அந்தணரைக் காணோம். என்னிடம் ஏதாவது குறை கண்டுவிட்டானோ என்று மருகுகிறாள். இடக்கண் துடிக்கிறது, இடத்தோள் துடிக்கிறது. அந்தணர் வந்து நிற்கிறார். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் செய்திக்கு ஈடாகக் கொடுக்க அரண்மனையில் ஒரு பொருளும் அகப்படவில்லை. விழுந்து வணங்கினாள்.

கோயிலுக்குப் போகும்போது மௌன விரதம். வழிபாடு முடித்து, விரதத்தை விட்டு, தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறாள். சுற்றிலும் அரசர்கள். அவள் மெல்ல நடக்கிறாள். ஏன் மெல்ல? தேர் வந்து சேர நேரம் வேண்டுமே! முகத்தில் விழுந்த கூந்தலை இடக்கை விரல்களால் ஒதுக்கிக் கடைக்கண்ணால் அரசர்களைப் பார்க்கிறாள். அந்தக் கூட்டத்தில் அவன் நிற்கிறான். முன்பின் பாராத முகத்தைத் தேட, கூந்தலை ஒதுக்குவது போல ஒரு சாக்கு!

பிறகு நடந்த போரெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கைப்பிடிக்கக் காத்திருந்த சிசுபாலன் தேசழிந்து, முகத்தில் ஒளி போய், 'அண்ணாந்திருக்க' என்கிறாள் ஆண்டாள். அந்த ஒரு சொல் போதும். துரத்தி வந்த ருக்மியைக் கண்ணன் வெட்டப் போக, காலில் விழுந்து அண்ணன் உயிரைக் காப்பாற்றியவளும் ருக்மிணிதான். பாதி மீசையும் பாதி முடியும் போனதோடு அவன் தப்பித்தான்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒருநாள். ருக்மிணி விசிறிக்கொண்டிருக்கிறாள். கண்ணன் வேடிக்கையாக, 'நானோ ஒன்றுமில்லாதவன், அரசர்களுக்குப் பயந்து கடலுக்குள் ஊர் கட்டியவன். உனக்குத் தகுந்த வேறு ஒருவனைப் பார்த்துக்கொள்ளேன்' என்கிறான். வளையல்கள் கழன்றன, விசிறி கையைவிட்டு நழுவியது, காற்றில் சாய்ந்த வாழைபோல் விழுந்தாள். பதறிக் கட்டிலிலிருந்து இறங்கித் தூக்குகிறான், கூந்தலை ஒதுக்கி முகத்தைத் துடைக்கிறான். உன் கோபத்தைப் பார்க்கத்தான் சொன்னேன் என்று சமாதானம் வேறு. தெளிந்த பிறகு அவள் சும்மா இருந்தாளா? அவன் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் வரிசையாகப் பதில் கொடுத்தாள். 'ஒன்றுமில்லாதவன்தான், உனக்கு அப்பால் ஒன்றுமே இல்லையே!' என்றாள். பழைய கடிதக்காரி!

அப்போது கண்ணன் அந்தப் பழைய தூதை நினைவுகூர்கிறான். 'என்னை அடைய ரகசியமாக ஆள் அனுப்பினாய். நான் வரத் தாமதமானபோது உலகமே வெறுமையாகிவிட்டதென்று உயிரை விடத் துணிந்தாய். அதற்கு என்னால் ஈடுசெய்ய முடியாது. அது உன்னிடமே இருக்கட்டும்; நான் மகிழ்ந்து பாராட்டிக்கொள்கிறேன்.'