கட்டடத்துக்கு ஆள் இருக்கிறது

நடுவர் அவர்களே, வணக்கம். முன்னாள் மாணவர்கள் தருகிற பணம் பள்ளிக் கட்டடத்துக்குப் போக வேண்டுமா, ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குப் போக வேண்டுமா? இதுதான் தலைப்பு. "வகுப்பறை கட்டினால் ஆயிரம் பேர் படிப்பார்கள், உதவித்தொகை கொடுத்தால் ஒருத்தன்தானே படிப்பான்" என்றார் எதிரணித் தலைவர். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். பேச்சு அழகு, கணக்குத்தான் இடிக்கிறது.

கட்டடத்துக்குப் பணம் வர எத்தனை வழி பாருங்கள். நபார்டு என்கிற ஊரக வளர்ச்சி வங்கியில் கடன் வாங்கி அரசு கட்டுகிறது. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் கம்பெனிகளும் தரலாம். ஆனால் அந்த எம்.பி.யே மனம் வைத்தாலும் தொகுதி நிதியில் ஒரு பிள்ளையின் ஹாஸ்டல் கட்டணத்தைக் கட்ட முடியாது. நிலைத்து நிற்கிற பொதுச் சொத்துக்குத்தான் அந்தப் பணம். சுவருக்கு ஆள் இருக்கிறது ஐயா, அப்பா இல்லாத பிள்ளைக்குத்தான் ஆள் இல்லை.

"அரசுதான் எல்லாம் கொடுக்கிறதே" என்று அடுத்துப் பேசிய அம்மா கேட்டார்கள். கொடுக்கிறது. புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு. கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். சரி, அந்த ஆயிரம் எப்போது வரும்? சேர்ந்த பிறகு. சேருவதற்கு முன்னால் விண்ணப்பக் கட்டணம், போக்குவரத்துச் செலவு, ஹாஸ்டல் முன்பணம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். "ஒரு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டு வா, அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வது அப்போதுதான். அந்த அடுத்த வருஷம் பலருக்கு வருவதே இல்லை.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணத்துக்குப் பயந்து கலந்தாய்விலேயே இடத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அப்புறம்தான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. மதிப்பெண் இருந்தது, இடம் இருந்தது, பணம் மட்டும் இல்லை.

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மேடையில் பிள்ளையை நிறுத்தி, ஆளுயரக் காசோலையைக் கையில் கொடுத்து போட்டோ எடுப்பது அசிங்கம். பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றினால் எப்படி இருக்கும்? அதற்காக உதவியையே நிறுத்துவதா? போட்டோவை நிறுத்துங்கள்! யாருக்குத் தேவை என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். திங்கட்கிழமை தோறும் வராதவன் யார், இரவு புரோட்டாக் கடையில் வேலை பார்த்துவிட்டு முதல் பீரியடில் தூங்குகிறவன் யார் என்று அவரைக் கேளுங்கள். தலைமை ஆசிரியர் வழியாக, பெற்றோர் வங்கிக் கணக்குக்குப் பணம் போகட்டும்.

ஒன்றாகப் படித்து முடித்த ஒரு செட்டில் 40 பேர், ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்றால் மாதம் 20,000 ரூபாய். பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டாயிரம். நம் சந்திப்பு விழா பிரியாணிக்கும் டி-ஷர்ட்டுக்கும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறோமே, அதைவிடப் பெரிய தொகையா இது?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து எதிரணியில் பேச வருகிறவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தும் முன்பணம் கட்ட வழியில்லாத பிள்ளைக்கு, உங்கள் புது வகுப்பறை என்ன செய்யும்?