போனுக்குள் துளி காரீயத்துக்குத் தடை, கார் பேட்டரியில் 10 கிலோவுக்கு அனுமதி. ஏன்?

வணக்கம். போனின் சர்க்யூட் போர்டில் சால்டர், அதாவது பாகங்களை உருக்கி ஒட்டவைக்கும் உலோகக் கலவை, வைத்த புள்ளிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவுகூட இல்லை. அந்தச் சால்டரில் 0.1 சதவீதத்துக்கு மேல் காரீயம் இருந்தால் ஐரோப்பாவில் விற்க முடியாது. ஆனால் அதே ஊர்த் தெருவில் நிற்கும் கார்களில் பேட்டரிக்கு 10 கிலோ அளவுக்குக் காரீயம் இருக்கிறது!

தடை வந்தது 2006 ஜூலை 1 அன்று, மின்னணுப் பொருட்களில் நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ரோஹ்ஸ் (RoHS) என்ற ஐரோப்பியச் சட்டத்தால். சரி, காரீயத்துக்குப் பதிலாக எதைப் போட்டார்கள்? இங்கேதான் நம் அடுப்படி வருகிறது.

பழைய சால்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரியில் உருகிவிடும். காரீயத்தை எடுத்துவிட்டு 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு சேர்த்தார்கள். மீதி 96.5 சதவீதமும் வெள்ளீயம். பாட்டி ரசம் வைக்கும் சுத்தமான ஈயச்சொம்பு இருக்கிறதே, அதே உலோகம்! வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஒழுகிவிடும் என்று, புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதானே அடுப்பைப் பற்றவைப்பார்கள்? அந்த ஈயம்தான் இப்போது போனுக்குள் இருக்கிறது. காரீயம், வெள்ளீயம் இரண்டையும் நாம் வெறும் 'ஈயம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வெள்ளீயம் ரசத்துக்கு ருசி, காரீயம் குழந்தையின் மூளைக்கு நஞ்சு.

புதுக் கலவை உருக 217 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தொழிற்சாலைகள் சமாளித்துவிட்டன.

கார் பேட்டரிக்கு ஏன் விலக்கு? அதில் காரீயம் மொத்தமாக ஒரே இடத்தில் இருக்கிறது. பழையதைக் கடையில் கொடுத்தால் புதியதில் விலை குறைப்பார்கள், யாரும் குப்பையில் போடுவதில்லை. அமெரிக்காவில் கிட்டத்தட்ட 99 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. போனில் அது பொட்டுப் பொட்டாகச் சிதறிக் கிடக்கும், பொறுக்கி எடுக்க ஆளில்லை.

ஆனால் 'மறுசுழற்சி' என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். செனகலின் டாக்கர் நகரை ஒட்டிய தியரோய்-சுர்-மேரில் பழைய பேட்டரிகளை வெளியிலேயே உடைத்து உருக்கினார்கள். காரீயம் கலந்த மண்ணுக்கு விலை கிடைத்ததால், பெண்கள் அதைச் சலித்து மூட்டை கட்டி வீட்டுக்குள்ளேயே வைத்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். அதுவும் மறுசுழற்சிதான்.

அதனால் என் கருத்து இது: மாற்று இருக்கும் இடத்தில் தடைதான் சரி. மாற்று வரும்வரை, யார் உருக்குகிறார்கள் என்று தெரிந்த பிறகே பேட்டரியைக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடைசியாக யாரிடம் கொடுத்தீர்கள், ரசீது தந்தார்களா? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.