லீட்ஸில் மகளுக்குப் பாலே பள்ளி தேடிய ஓராண்டு

வணக்கம். ஏழு வயதாகும் என் மகளுக்கு இங்கே லீட்ஸ் நகரில் ஒரு பாலே பள்ளியைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆனது. லண்டனுக்கு வெளியே, இதுபோன்ற நகரங்களில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோர் சிலர் இதே தேடலில் இருப்பீர்கள் என்பதால், நான் எதைப் பார்த்தேன், எதை முதலில் பார்க்கத் தவறினேன் என்பதை இன்று விரிவாகச் சொல்கிறேன்.

லீட்ஸ் என்றதும் எல்லோரும் நார்தர்ன் பாலே குழுவைத்தான் சொல்வார்கள். 1969இல் மான்செஸ்டரில் தொடங்கிய அந்தக் குழு பின்னர் லீட்ஸுக்கு இடம்பெயர்ந்தது. நகரின் குவாரி ஹில் பகுதியில் 2010இல் திறக்கப்பட்ட கட்டடத்தில் ஃபீனிக்ஸ் டான்ஸ் தியேட்டர் என்ற இன்னொரு நடனக் குழுவுடன் சேர்ந்து இயங்குகிறது. அதற்குச் சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளியும் உண்டு. ஆனால் வாரத்திற்கு ஒரே ஒரு வகுப்பில் தொடங்கும் சிறு பிள்ளைக்குப் பெயர் பெற்ற நிறுவனத்தைவிட, வீட்டிலிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய நல்ல ஆசிரியரே முக்கியம் என்பது என் எண்ணம். பிள்ளைக்கு ஆர்வம் நிலைத்தால் பத்து, பதினொரு வயதில் வாரத்திற்கு மூன்று நாள்கூடப் போக வேண்டிவரும். குளிர்கால மாலைகளில் அந்தத் தொலைவைத் தாங்க முடியுமா என்று இப்போதே யோசித்துவிடுவது நல்லது.

நான் செய்த பெரிய தவறு தரையைப் பார்க்காமல் விட்டதுதான். முதலில் சேர்த்த வகுப்பு வீட்டருகே ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆசிரியர் அன்பானவர், பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள், எனக்கு அதுவே போதுமென்று தோன்றியது. இரண்டு மாதங்களில் மகளுக்கு முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பையொட்டி வலி வரத் தொடங்கியது. பரிசோதித்த பிசியோதெரபிஸ்ட் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அவள் எந்தத் தரையில் குதிக்கிறாள் என்பதுதான். திரும்பிப் போய்ப் பார்த்தபோது வினைல் விரிப்புக்கு அடியில் நேராகக் கான்கிரீட் இருந்தது.

பாலேவுக்கு உரிய தரையை ஸ்பிரங் தரை என்கிறார்கள். மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியோ, ரப்பர் அல்லது நுரைத் துண்டுகளைக் கீழே வைத்தோ, அதன்மேல் பலகை பாவி, அதற்கும் மேலே வழுக்காத வினைலை விரிப்பார்கள். குதித்து இறங்கும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதில் ஒரு பங்கைத் தரை வாங்கிக்கொள்ளாவிட்டால் முழுவதையும் எலும்புதான் தாங்க வேண்டும். ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் தரையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். நல்ல தரை சற்றே அமிழ்ந்து எழும்; கான்கிரீட் உங்கள் குதிகாலுக்கே வலியைத் திருப்பித் தரும்.

அடுத்தது ஆசிரியர். பிரிட்டனில் பாலே ஆசிரியர் என்று பலகை மாட்டிக்கொள்ளச் சட்டப்படி எந்தத் தகுதியும் தேவையில்லை என்பது எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. எனவே அவர் எங்கே ஆசிரியப் பயிற்சி பெற்றார் என்று தயங்காமல் கேட்க வேண்டும். 1920இல் தொடங்கப்பட்ட ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் தன்னிடம் பதிவு பெற்ற ஆசிரியர்களை இணையத்தில் தேட வழி செய்திருக்கிறது. பாலே கற்பிப்பதில் செக்கெட்டி, வகானோவா என்று வேறு முறைகளும் உண்டு. எந்த முறை என்பதைப் பற்றி நான் முதலில் மிகவும் கவலைப்பட்டேன். இப்போது அந்தக் கவலை இல்லை. எந்த முறையிலும் நல்ல ஆசிரியரும் உண்டு, அவசரப்படுபவரும் உண்டு.

அவசரப்படுபவரைக் கண்டுபிடிக்க, சிறு வயதில் நான் கற்ற பரதநாட்டியம் எனக்கு உதவியது. அரைமண்டியில் அமரும்போது முழங்கால் பாதத்தின் திசையிலேயே விரிய வேண்டும் என்று என் ஆசிரியை நாள் தவறாமல் திருத்துவார். பாலேவில் பிலியே என்று முழங்காலை மடக்கும் அசைவுக்கும் அதே விதிதான். கால்கள் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து தொடங்க வேண்டும். இடுப்பு இடம் கொடுக்காதபோது பாதங்களை மட்டும் பக்கவாட்டில் ஒரே நேர்க்கோடாகத் திருப்பி நிறுத்தினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும், பாதத்தின் வளைவு உள்பக்கமாகச் சரிந்துவிடும். ஆகவே ஒரு மாதிரி வகுப்பைப் பார்க்கக் கிடைத்தால், பிள்ளைகள் எவ்வளவு அகலமாகக் கால்களைத் திருப்புகிறார்கள் என்று பார்க்காதீர்கள். குறைவாகத் திருப்பிய பிள்ளையை ஆசிரியர் அப்படியே விடுகிறாரா, அளவுக்கு மீறித் திருப்பிய பிள்ளையிடம் போய்ப் பாதத்தைச் சற்று உள்ளே கொண்டுவரச் சொல்கிறாரா என்று பாருங்கள். நான் போன நான்கு பள்ளிகளில் இரண்டில் மட்டுமே அதைப் பார்த்தேன்.

அந்த இரண்டிலும், மற்ற இரண்டிலும், ஒரே கேள்வியைக் கேட்டேன்: "பாயிண்ட் ஷூ எப்போது கொடுப்பீர்கள்?" கால்விரல் நுனியில் உடல் முழுவதையும் நிறுத்தும் அந்தக் காலணியைத்தான் எல்லாப் பெண் பிள்ளைகளும் கனவு காண்கிறார்கள், என் மகளும்தான். பாத எலும்புகள் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், போதிய வலிமை வருவதற்கு முன் அதில் ஏற்றுவது காயத்தை வரவழைப்பதாகும். பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன்பு பொறுப்பான ஆசிரியர்கள் அதைத் தொடங்குவதில்லை. அந்த வயது வந்துவிட்டது என்பதும் தனியே போதாது. சில ஆண்டுகள் ஒழுங்கான பயிற்சி, கணுக்கால் முழுவதுமாக நீளும் தன்மை, ஒற்றைக் காலில் பலமுறை குதிகாலை உயர்த்தி இறக்கும் வலிமை, நடு உடலின் கட்டுப்பாடு ஆகிய எல்லாம் சேர வேண்டும். ஒரு பள்ளியில் ஒன்பது வயதிலேயே கொடுத்துவிடுவோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் அங்கிருந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு பள்ளியில் ஆசிரியர், "சில பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயதிலும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், பெற்றோர் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு" என்றார். அங்கேதான் சேர்த்தோம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பருவக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். தேர்வுக் கட்டணம், சீருடை, ஆண்டு விழா உடை, விழாவுக்கு நாம் வாங்க வேண்டிய நுழைவுச் சீட்டு வரை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம் பிள்ளைகளுக்கென்று ஒரு கேள்வி. பாலேவின் இளஞ்சிவப்புக் காலுறையும் காலணியும் வெள்ளைத் தோலுக்காக வந்தவை. காலின் கோடு இடுப்பிலிருந்து விரல் நுனிவரை அறுபடாமல் தெரிவதற்காகவே அந்த நிறம். நியூயார்க்கின் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்ற பாலே குழுவின் கலைஞர்கள் 1974 முதலே தங்கள் தோல் நிறத்திலேயே அணிந்து வருகிறார்கள். லண்டனின் ஃபிரீட் நிறுவனம் பழுப்பு நிறப் பாயிண்ட் ஷூக்களை 2018இல்தான் கொண்டுவந்தது. என் மகளும் அவள் நிறத்தில் அணியலாமா என்று கேட்டபோது, நாங்கள் சேர்த்த பள்ளியின் ஆசிரியர் சற்றும் யோசிக்காமல் சரியென்று சொல்லி, எந்த நிறம் அவள் காலுக்குப் பொருந்தும் என்று அவளையே அருகில் அழைத்து, கையில் இருந்த துணி மாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மூன்றாவது பொருந்தியது. இந்தச் சனிக்கிழமை அந்த நிறத்தில் அணிந்துகொண்டுதான் வகுப்புக்குப் போகிறாள்.