ஜிம்னியை எத்தனை இன்ச் உயர்த்தலாம்?

நேயர்களுக்கு அன்பான வணக்கம். 2023ஆம் ஆண்டில் மாருதி சுஸுகியின் ஐந்து கதவு ஜிம்னி ஜீப் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது முதல், மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, அதை எத்தனை இன்ச் உயர்த்தலாம் என்பதுதான். அதற்கு நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: இப்போது வண்டியின் எந்த இடம் தரையில் இடிக்கிறது?

ஜிம்னிக்கும் பழைய ஜிப்ஸிக்கும் முன்னும் பின்னும் இருப்பவை, ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம்வரை நீளும் முழு அச்சுகள். ஸ்பிரிங்கை மாற்றினால் அச்சுக்கு மேலுள்ள சேஸிஸும் பாடியும் உயரும். அச்சோடு உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடு, அதாவது இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர்தான், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதியளவு. 195/80 ஆர்15 டயரைக் கழற்றி 235/75 ஆர்15 போட்டால் விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் கூடும். டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது 20 மட்டுமே.

இதை நான் கைப்பணம் செலவழித்துக் கற்றேன். கொல்லிமலையில் ஒரு தோட்டப்பாதையில், நடுவே துருத்திய கல்லில் அடிக்கடி இடித்ததால், ஒரு பட்டறையில் என் ஜிம்னிக்கு மூன்று இன்ச் உயர்த்தும் ஸ்பிரிங் போட்டுக்கொண்டேன். மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகையில், வளைவு முடிந்ததும் தானாக நேருக்குத் திரும்ப வேண்டிய ஸ்டீயரிங், நான் இழுத்தால்தான் திரும்பியது. அடிவாரம் தாண்டிச் சமதளத்தில் ஒரு சிறு பள்ளத்தில் முன்சக்கரம் விழுந்ததும், இரு கைகளையும் உதறுமளவுக்கு ஸ்டீயரிங் நடுங்கியது. சாலையோரத்து மெக்கானிக் ஒருவர் வண்டிக்கடியில் படுத்து, டிஃபரன்ஷியலிலிருந்து தரைவரை டேப் வைத்துப் பார்த்துவிட்டு, "கல்லுல இடிச்சது இதுதானுங்களே, இது ஒரு நூல்கூட ஏறலையே" என்றார். எட்டில் ஒரு இன்ச்தான் ஒரு நூல், அதுகூட ஏறவில்லை.

நடுக்கத்துக்குக் காரணம் முன் அச்சின் சாய்வு குறைந்தது. கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அதன் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். அதே சாய்வு ஜீப்பின் முன் அச்சுக்கும் உண்டு. பாடி உயரும்போது அச்சைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புக் கைகள் கீழ்நோக்கித் திரும்ப, அந்தச் சாய்வு குறைகிறது. ஆகவே ஜிம்னிக்கு இரண்டு இன்ச்சைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த இரண்டு இன்ச்சுக்கும்கூட, சாய்வைச் சரிசெய்யும் புஷ் எனும் ரப்பர் வளையம், ஏற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பர், இழுபடாத பிரேக் ஹோஸ் குழாய் ஆகியவை கூடவே வேண்டும். இடிக்கும் இடத்தை டேப் பிடித்து அளந்த பிறகே ஸ்பிரிங் வாங்குங்கள்.

வாங்கும்போது கூரைக் கேரியர், இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் என்று நிரந்தரமாக ஏறப்போகும் எடையைச் சொல்லி வாங்குங்கள். காலியாக ஓடும் வண்டிக்குப் பாரம் தாங்கும் ஸ்பிரிங்கைப் போட்டால் அது துள்ளிப் பிடிப்பை இழக்கும்.

நேரம் முடியப்போவதால் சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உயர்த்திய வண்டியின் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அன்றே அதைத் தாழ்த்திவிடுங்கள். நன்றி, வணக்கம்.