கடலில் கோடு போடும் கணினி

வணக்கம் நேயர்களே. வானொலியில் வரைபடத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் கொஞ்சம் சங்கடம்தான். எடுத்துக் காட்ட முடியாது. அதனால் நீங்களே மனதுக்குள் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். கணக்கு நோட்டில் கட்டம் போட்ட தாள் இருக்குமே, அதில் நீளத்துக்குப் பத்து, அகலத்துக்குப் பத்து, ஆக நூறு கட்டம். அதுதான் நம் கடல். சில கட்டங்களில் பவளத்திட்டு. சிலவற்றில் கடற்புல். நடுவில் கப்பல் போகும் தடம். கரையை ஒட்டிய கட்டங்களில் சிறு படகுகள் வலை போடுகின்றன. கொஞ்சம் தள்ளி, காற்று பலமாக வீசும் இடத்தில் காற்றாலை நடுவதற்கு ஒரு கூட்டம் காத்திருக்கிறது.

எந்தக் கட்டத்தை யாருக்கு விடுவது, எதைத் தொடாமல் வைப்பது? இதைத்தான் கடல் பரப்புத் திட்டமிடல் என்கிறார்கள். தரையில் ஊரமைப்புக்காரர்கள் செய்கிற அதே வேலை. ஆனால் இங்கே வேலி கிடையாது, எல்லைக்கல் கிடையாது, குடியிருப்பவர்கள் பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடுவார்கள்.

நூறு கட்டம்தானே, நாலு பேர் உட்கார்ந்து பேசினால் முடியாதா என்று தோன்றும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே பதில் என்று வைத்துக்கொள்வோம்: காப்பது, விடுவது. இந்த நூறு கட்டங்களில் எத்தனை விதமாகத் தேர்வு செய்யலாம் என்று கணக்குப் போட்டால் 31 இலக்கம் கொண்ட ஓர் எண் வருகிறது. நிஜமான திட்டங்களிலோ கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இதற்கு மென்பொருள் இல்லாமல் ஆகாது.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர்போனது மார்க்ஸான். பேரைக் கேட்டதும் கார்ல் மார்க்ஸை நினைக்க வேண்டாம். கடலைக் குறிக்கும் 'மரைன்' என்ற சொல்லின் முன்பாதியும், 'ஸ்பெக்ஸான்' என்ற பழைய மென்பொருளின் பின்பாதியும் சேர்ந்த பெயர் அது. ஆஸ்திரேலியாவில் இயான் பால், ஹ்யூ பாசிங்கம் என்ற இருவர் உருவாக்கியது. நாம் அதனிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். என்ன வேண்டும் என்பது ஒன்று: கடற்புல்லில் இருபது சதவீதம், பவளத்தில் முப்பது சதவீதம், இப்படி. ஒவ்வொரு கட்டத்தையும் ஒதுக்கினால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பது இன்னொன்று. கேட்டதெல்லாம் கிடைக்க வேண்டும், நஷ்டம் முடிந்தவரை குறைய வேண்டும். அப்படி ஒரு கட்டத் தொகுப்பை அது தேடித் தரும். காக்கும் கட்டங்கள் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறினால் காவல் போடுவது கஷ்டம் என்பதால், எல்லைக்கோடு நீளமாகப் போனால் அதற்கும் ஒரு அபராதம் வைக்கலாம்.

தேடுகிற விதம்தான் ரொம்ப அழகு. பட்டறையில் உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள் இல்லையா, அந்த முறையைக் கணக்கில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் 'சூடாக' இருக்கும்போது மென்பொருள் கண்டபடி கட்டங்களை மாற்றிப் பார்க்கும்; விடை மோசமானாலும் சில தடவை ஏற்றுக்கொள்ளும். ஆற ஆற முரட்டுத்தனம் குறைந்து, நல்ல மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். இப்படித் தேடுவதால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை கொஞ்சம் மாறும். ஆகவே நூறு முறை ஓட்டுவார்கள். அப்போது இரண்டு வரைபடங்கள் கிடைக்கும். நூற்றில் மிகச் சிறந்த ஒரே விடை ஒன்று. நூறு ஓட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் எத்தனை தடவை தேர்வானது என்ற எண்ணிக்கை இன்னொன்று. கூட்டங்களில் சுவரில் மாட்டுவது முதலாவதைத்தான். நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

அதற்கு முன் ஒரு கதை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் உள்ள பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 3,44,000 சதுர கிலோமீட்டர். மீன்பிடிக்கே இடமில்லாத பகுதி அதில் ஐந்து சதவீதம்கூட இல்லாமல் இருந்தது. மொத்தப் பரப்பையும் 70 உயிர்ச்சூழல் மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் காக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மார்க்ஸான் போட்டுக் காட்டியது. மக்களிடமிருந்து 31,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. கடைசிக் கோடுகளைப் போட்டது மனிதர்கள்தான். படகில் இருப்பவர் தன் ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தே எல்லையைத் தெரிந்துகொள்ளும்படி, முடிந்த இடத்திலெல்லாம் நேர்கோடாகப் போட்டார்கள். 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது தடைப்பகுதி மூன்றில் ஒரு பங்காகியிருந்தது. பலன் இல்லாமல் போகவில்லை. தடைப்பகுதிகளில் களவா இன மீன்கள் பெருகின, பெருத்தன.

அப்புறம் 2016 வந்தது.

பவளத்துக்கு வெப்பம் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க ஒரு எளிய கணக்கு உண்டு. ஓர் இடத்தின் வழக்கமான கோடை உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் எத்தனை டிகிரி ஏறியது, அது எத்தனை வாரம் நீடித்தது, இரண்டையும் பெருக்க வேண்டும். இரண்டு டிகிரி கூடுதலாக இரண்டு வாரம் இருந்தால் கணக்கு நான்கு. நான்கைத் தொட்டால் பவளம் வெளிறத் தொடங்கும். எட்டைத் தொட்டால் சாவு விழும். 2016இல் அந்தத் திட்டின் வடபகுதியில் கணக்கு எட்டைத் தாண்டிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஊர்களிலிருந்து தள்ளி, மனிதக் கை அதிகம் படாமல், நன்றாகக் காக்கப்பட்ட பகுதி அதுதான். அடுத்து ஆராய்ந்தவர்கள் கண்டது: ஒரு திட்டு தடைக்கோட்டுக்கு உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பதால் வெளிறியதில் வித்தியாசமே இல்லை. வெப்பத்துக்குக் கோடு தெரியாது. பிறகு 2017, 2020, 2022, 2024 என்று வெளிறல் வரிசையாக வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தத் திட்டம் போட்டவர்கள் தப்புச் செய்யவில்லை. மென்பொருளிடம் அவர்கள் கொடுத்தது அன்றைய கடல். அது அன்றைய கடலுக்குச் சரியான விடையைத் தந்தது. நாம் கேட்க வேண்டியது முப்பது வருடம் கழித்து இருக்கப்போகும் கடலுக்கு. ஆனால் அந்தக் கடல் ஒன்றல்ல. உலகம் புகையைக் குறைத்தால் ஒரு கடல், குறைக்காவிட்டால் வேறொரு கடல். போதாததற்கு, காலநிலையைக் கணிக்கும் பல மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கமே நூறு கிலோமீட்டர் அளவு இருக்கும். நமக்கு வேண்டியதோ இந்தத் திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவே ஓடும் குளிர்ந்த நீரோட்டம். அந்த மாதிரிக்கு அது கண்ணிலேயே படாது.

இந்த இடத்தில் சிலர் இன்னும் துல்லியமான மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். இருக்கிறது. பிரையாரிடைசர் என்ற ஒன்று, இதைவிடக் குறைந்த நஷ்டத்தில் முடிக்கவே முடியாது என்று கணித முறையில் உறுதி சொல்லும். நல்ல கருவி, நானும் விரும்பிப் பயன்படுத்துவதுதான். ஆனால் உள்ளே போகிற தகவல் அத்தனை மொத்தையாக இருக்கும்போது விடையில் மட்டும் துல்லியம் பார்ப்பது, பவுன் தராசில் விறகு நிறுப்பது போலத்தான்.

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. முதன்முதலில் ஒரு பயிற்சிக்காக இதை ஓட்டியபோது, துறைமுக வாசலை ஒட்டிய கட்டங்களாகவே பொறுக்கி எடுத்துக் கொடுத்தது. நாள் முழுக்கக் கப்பல் வந்துபோகும் இடத்தில் அப்படி என்ன பொக்கிஷம் என்று புரியவில்லை. மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: ஆய்வுப் படகுகள் கிளம்புவது அங்கிருந்துதான். ஆகவே அங்கேதான் அதிகம் அளந்திருக்கிறார்கள், அங்கேதான் உயிரினப் பட்டியல் நீளம். தூரத்துக் கட்டங்களில் யாரும் பார்க்கவில்லை, அதனால் பட்டியலில் பூஜ்யம். பார்க்காத இடத்தையும் ஒன்றும் இல்லாத இடத்தையும் மென்பொருள் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. போதாததற்கு, நஷ்டம் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அளவு என்று போட்டிருந்தேன். குற்றம் முழுக்க என்னுடையதுதான்.

சரி, எதிர்காலம் ஒன்றல்ல என்றால் என்ன செய்வது? பணம் போடுகிறவர்களிடமிருந்து ஒரு யோசனையை இரவல் வாங்கினார்கள். 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் சொன்னது, பின்னால் நோபல் பரிசும் வாங்கித் தந்தது: எந்தப் பங்கு நல்லது என்று தனித்தனியாகப் பார்க்காதே, எவையெவை சேர்ந்து விழும் என்று பார். இதைப் பவளத்துக்குப் பொருத்தி, உலகம் முழுவதிலுமிருந்து 50 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அருமையான திட்டுகள். ஒரே வெப்ப அலையில் இரண்டும் வெளிறும் என்றால், கணக்கில் அவை இரண்டல்ல, ஒன்றுதான். கொஞ்சம் சுமாரான மூன்றாவது, வேறு நீரோட்டத்தில் இருந்தால், அதற்குத்தான் மதிப்பு அதிகம். இதைக் கண்ணால் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மென்பொருள் இந்த இடத்தில் தன் சம்பளத்தைச் சம்பாதித்துவிடுகிறது.

எண்ணிக்கை போட்ட அந்த இரண்டாவது வரைபடம் பெரிய உதவியாவதும் இங்கேதான். ஒரு எதிர்காலத்துக்கு நூறு ஓட்டம். வேறொரு எதிர்காலத்துக்கு இன்னொரு நூறு. கொஞ்சம் சூடு, அதிகச் சூடு, நீரோட்டம் மாறியது, மாறாதது என்று எல்லாவற்றுக்கும் ஓட்டிவிட்டு எண்ணிப் பார்த்தால், எந்தப் பக்கம் போனாலும் திரும்பத் திரும்ப வருகிற கட்டங்கள் சில தேறும். அவற்றை இன்றே ஒதுக்கலாம், தயக்கமே வேண்டாம். ஒரு எதிர்காலத்தில் மட்டும் வந்து மற்றதில் காணாமல் போகிறவை உண்டு. அவற்றில் நிரந்தரமாக எதையும் கட்டாமல் விட்டுவைத்தால் போதும், பிறகு முடிவு செய்துகொள்ளலாம். இந்தப் பிரிப்பு மிக முக்கியம். ஏனென்றால் மீன்பிடித் தடையை ஓர் உத்தரவில் இடம் மாற்றலாம். நட்ட காற்றாலை இருபத்தைந்து வருடம் நகராது. துறைமுகம் எப்போதுமே நகராது.

சில கோடுகள் நகர்ந்தே ஆக வேண்டும் என்பதற்கு வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் உதாரணம். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மெய்ன் வளைகுடா சூடாகி, அது தின்னும் நுண்ணிரை அங்கே குறையவும், திமிங்கிலங்கள் இரை தேடி வடக்கே கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் பழைய இடத்திலேயே இருந்தது. 2017இல் கனடாக் கடலில் மட்டும் 12 திமிங்கிலங்கள் செத்துக் கிடந்தன. கப்பல் மோதியதும் மீன்பிடிக் கயிற்றில் சிக்கியதும் முக்கியக் காரணங்கள். இப்போது அங்கே திமிங்கிலம் கண்ணிலோ ஒலிவாங்கியிலோ பட்டால் அந்தக் கட்டங்களில் மீன்பிடி 15 நாளுக்கு மூடப்படுகிறது, கப்பல்கள் வேகத்தை 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் பதினெட்டரை கிலோமீட்டர், அளவுக்குக் குறைக்க வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது திட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கட்டளை. பதினைந்து நாள் எங்கே, பத்து வருடம் எங்கே. இரண்டும் தேவை என்பேன், வெவ்வேறு கோடுகளுக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது மென்பொருள்காரர்கள் விரும்பிப் பேசாத விஷயம். 'மொத்த நஷ்டம் மிகக் குறைவு' என்று திரையில் வரும். யாருடைய நஷ்டம் என்று வராது. பெரிய இழுவைப் படகுகள் அள்ளும் கட்டத்துக்குப் பண மதிப்பு அதிகம். ஆகவே மென்பொருள் அதைத் தொடத் தயங்கும். இருபது சிறு படகுகள் பிழைக்கும் கட்டத்தில் பிடிபடுவது பணக்கணக்கில் கொஞ்சம். ஆகவே அது 'மலிவு', முதலில் அதையே எடுக்கும். அந்த இருபது படகுக்கு வேறு கட்டம் கிடையாது என்பது அதற்கு எப்படித் தெரியும்? நஷ்டத்தை ஒரே கூட்டலாகப் போடாமல் ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் தனித்தனியாகப் போட்டு, எவருக்கும் இவ்வளவுக்கு மேல் விழக்கூடாது என்று கட்டளை கொடுக்கலாம். அதற்கு வசதி இருக்கிறது. யாராவது கேட்டால்தான் கொடுப்பார்கள்.

அதனால், நாளைக்கு உங்களை ஏதோ ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அழகாக வண்ணம் தீட்டிய வரைபடத்தைத் திரையில் போட்டு, கணினி சொன்ன சிறந்த விடை இது என்றால், பதற வேண்டாம். எத்தனை எதிர்காலங்களுக்கு ஓட்டினீர்கள், என் கட்டம் எத்தனை தடவை வந்தது என்று கேளுங்கள். எண்ணிக்கை போட்ட அந்த இன்னொரு வரைபடம் பெரும்பாலும் அதே மடிக்கணினியில், அதே கோப்புறையில்தான் கிடக்கும். திறக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. வணக்கம்.