நிற்கத் தெரிந்த மைட்டோகாண்ட்ரியா

நேயர்களுக்கு வணக்கம்.

கால் விரல்களைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். பாதத்துத் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுவின் உடல் முதுகுத்தண்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரை ஆக்சான் என்கிற ஒரே இழை, ஏறத்தாழ 1 மீட்டர். சரக்கு பெரும்பாலும் மேலே தயாராகிறது, தேவையோ கீழே. தானாக மிதந்து போய்ச் சேரட்டும் என்று விட்டால் ஆயுள் போதாது.

அதனால்தான் சுமைகூலிகள். ஆக்சானுக்குள் நுண்குழல்கள் தண்டவாளம்போல் நீண்டு கிடக்கின்றன. அவற்றின்மேல் கைனெசின் என்ற புரதம் சுமையோடு நடக்கிறது. நிஜமாகவே நடை, அதற்கு இரண்டு பாதங்கள் உண்டு. 1985இல் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் கைனெசினைக் கண்டுபிடித்தார்கள். அது வைக்கும் ஓர் எட்டு, அதாவது ஒரு காலடி, 8 நானோமீட்டர். எட்டுக்கு ஒரு ஏடிபி, அதாவது அணுவின் எரிபொருள் மூலக்கூறு, செலவு. 1 மீட்டருக்கு 12.5 கோடி எட்டுகள்! ஒரே கைனெசின் அவ்வளவும் நடப்பதில்லை, நூறு எட்டு வைத்ததும் கழன்றுகொள்ளும். இன்னொன்று தோள் கொடுக்கும். வேகமாகப் போகும் சரக்குப் பைகள் ஒரு நாளில் 400 மில்லிமீட்டர் வரை கடக்கின்றன.

அந்த ஏடிபியைத் தயாரிக்கும் உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. பாடப்புத்தகப் படங்களில் அதை ஆணி அடித்ததுபோல் வரைந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஆக்சானுக்குள் அது ஓடும், நிற்கும், திரும்பவும் கிளம்பும். நிற்பதுதான் அழகு. எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

கால்சியம். நரம்பு மும்முரமாக வேலை செய்யும் முனையில் கால்சியம் உள்ளே பாயும். மைட்டோகாண்ட்ரியாவின் மேலுறையில் மிரோ என்றொரு புரதம், அதைக் கைனெசினோடு கோக்கும் கொக்கி. கால்சியம் மிரோவில் ஒட்டியதும் நடை நின்றுவிடும். ஆக, ஏடிபி எங்கே அதிகம் தேவையோ அங்கேயே ஏடிபி ஆலை இறங்கிவிடுகிறது. கால்சியம் குறைந்தால் மறுபடி பயணம்.

திரும்பும் திசைக்கு டைனீன் என்ற வேறொரு கூலி. நுனியில் தேய்ந்துபோன பாகங்களை ஒரு பைக்குள் கட்டி மேலே இழுத்துவரும். வழியில் லைசோசோம்கள் என்ற செரிமானப் பைகள் அதோடு சேர்ந்து செரிக்கத் தொடங்கிவிடும். ரேபீஸ் வைரஸும் இதே வண்டியில் தொற்றிக்கொண்டுதான் மூளைப் பக்கம் ஏறுகிறது.

அப்புறம், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. புற்றணு பிளவுபடாமல் தடுக்க அது நுண்குழல்களைக் குலைக்கிறது. நரம்பின் தண்டவாளமும் அதே சரக்குதானே? அந்த மருந்து எடுப்பவர்கள் பலருக்கு மரத்துப்போவது நடு உடம்பில் தொடங்குவதில்லை. மிக நீண்ட ஆக்சான்கள் போய் முடியும் இடங்களில், கால் விரல்களிலும் கை விரல்களிலும்தான் முதலில் தெரியும்.